பிஎம் முடிந்து ஏஎம்

(தாதியர் தினத்தையொட்டி பினாங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் வணக்கம். மேட்ரன்கள், சிஸ்டர்கள், இரவுப் பணி முடித்துத் தூங்காமல் நேராக இங்கே வந்திருக்கும் தங்கைகள், தம்பிகள் எல்லோருக்கும் வணக்கம். மனநோயோடும் காது மந்தத்தோடும் தாதி வேலை செய்கிறவர்களைப் பற்றி இன்று பேசப் போகிறேன்.

இந்த நாட்டில் "தஞ்சோங் ரம்புத்தான்" என்று சொன்னால் யாருக்கும் ஊர் நினைவுக்கு வருவதில்லை. 1911-இல் அங்கே மனநல மருத்துவமனையைத் திறந்தார்கள். இன்று அது பஹாகியா உலு கிந்தா மருத்துவமனை. பெயர் மாறியும், நூறு ஆண்டு தாண்டியும், அந்த ஊரின் பெயரை நாம் வசையாகவே வைத்திருக்கிறோம். வீட்டில் மட்டுமல்ல, வார்டிலும் சொல்கிறோம். ஷிப்ட் மாறும்போது பொறுப்பை ஒப்படைக்கும் பாஸ் ஓவர் நேரத்தில் ஒரு நோயாளியைப் பற்றி யாரோ அந்தச் சொல்லைச் சொல்வார், நாலு பேர் சிரிப்பார்கள். பக்கத்தில் நின்று குறிப்பெடுக்கும் தாதி நேற்றிரவு தன் மனநோய்க்கு லித்தியம் மாத்திரை விழுங்கிவிட்டு வந்தவராக இருக்கலாம். இந்த வார்டில் வாயே திறக்கக் கூடாது என்று அந்த நொடியே அவர் முடிவு செய்துவிடுவார்.

மனநோயோடு வேலை செய்வதில் அவ்வளவு ஆபத்து இல்லை. அதை மூடி மறைத்துக்கொண்டு வேலை செய்வதில்தான் ஆபத்து. ஏன் என்று மாத்திரையிலிருந்தே தொடங்குகிறேன்.

இருமுனை மனநோய்க்கு லித்தியம் சாப்பிடுகிறவருக்கு ரத்தத்தில் அதன் அளவு பெரும்பாலும் லிட்டருக்கு 0.6 முதல் 0.8 மில்லிமோல், சிலருக்கு 1.0 வரை இருக்க வேண்டும். 1.5-ஐத் தாண்டினால் நச்சு அறிகுறிகளை எதிர்பார்க்க வேண்டும். இவ்வளவு குறுகிய இடைவெளி உள்ள மருந்து அது. கடைசி மாத்திரைக்குச் சரியாக 12 மணி நேரம் கழித்து ரத்தம் எடுத்தால்தான் அந்த எண்ணுக்குப் பொருள் உண்டு. இரவு 9 மணிக்குச் சாப்பிட்டால் காலை 9 மணிக்கு ரத்தம். இரவுப் பணி வந்ததும் என்ன நடக்கிறது? வார்டில் யாரும் பார்த்துவிடக் கூடாதே என்று மாத்திரையைக் கைப்பையிலேயே வைத்திருந்து, காலை 8 மணிக்கு வீட்டில் விழுங்குகிறார். அன்றைக்கே கிளினிக் தேதி. 10 மணிக்கு ரத்தம் எடுக்கிறார்கள். அளவு கூடுதலாகத் தெரிகிறது. இரவுப் பணி என்ற விவரம் மருத்துவருக்குத் தெரியாது, மருந்தைக் குறைக்கிறார். சில வாரத்தில் தூக்கம் போகிறது, பேச்சு வேகமெடுக்கிறது, நோய் திரும்புகிறது. இதில் யாரும் அக்கறையில்லாமல் நடந்துகொள்ளவில்லை. ஒரு விவரம் சொல்லப்படவில்லை, அவ்வளவுதான். ரத்தப் பரிசோதனைத் தேதியைக் காலைப் பணி வாரத்தில் வாங்குங்கள். அதற்கு முந்தைய ஒரு வாரமாவது ஒரே நேரத்தில், ஒரே அளவில் மருந்து போயிருக்க வேண்டும்.

அடுத்தது தண்ணீர். வார்டில் கழிவறைக்குப் போக நேரமில்லை என்று ஏழு மணி நேரம் தண்ணீரே குடிக்காமல் நிற்கும் பழக்கம் நமக்கு உண்டு. உடலில் நீர் வற்றினால் லித்தியம் ஏறும். முதுகுவலிக்குத் தோழி கொடுக்கும் பொன்ஸ்தான், வோல்டரன் போன்ற வலி மாத்திரைகளும் சிறுநீரகம் லித்தியத்தை வெளியேற்றுவதைக் குறைக்கும். பாரசிட்டமால் போதும். தைப்பூசத்துக்கு விரதம் இருக்கிறவர்கள் இதை நன்றாகக் கேளுங்கள். உப்பைத் திடீரென்று நிறுத்தினாலும் லித்தியம் ஏறும். தண்ணீர்மலைக்குக் காவடி எடுப்பவர் எடுக்கட்டும், பால்குடம் தூக்குபவர் தூக்கட்டும். ஆனால் உப்பில்லா விரதம் தொடங்கும் முன் மருத்துவரிடம் கட்டாயம் பேசுங்கள். கை மெலிதாக நடுங்குவது இந்த மருந்தில் வழக்கமானதுதான். ரத்தம் எடுக்கும்போது சுண்டுவிரலை நோயாளியின் கைமேல் ஊன்றிக்கொண்டால் ஊசிமுனை அசையாது. நடுக்கம் பெரிதாகி, வயிற்றுப்போக்கும் தள்ளாட்டமும் நாக்குழறலும் சேர்ந்தால் அது வேறு விஷயம். அடுத்த மாத்திரையைத் தொடாமல் நேரே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.

தூக்கம் வரவழைக்கும் மனநல மருந்துகளான கியூட்டியாபின், ஒலான்சபின் சாப்பிடுகிறவர்களுக்குப் பணி அட்டவணையான ரோஸ்டர்தான் எதிரி. நம் அரசு மருத்துவமனைகளின் வழக்கமான ஷிப்ட் உங்களுக்குத் தெரியும். காலை 7 முதல் 2 ஏஎம், பிற்பகல் 2 முதல் 9 பிஎம், இரவு 9 முதல் காலை 7 நைட். எல்லோரும் நைட் டியூட்டியைப் பற்றியே பேசுகிறார்கள். பிஎம் முடிந்து மறுநாளே ஏஎம் வருவதும் அதே அளவுக்குக் கெடுதல் என்பதை யாரும் சொல்வதில்லை. இரண்டுக்கும் நடுவே பத்தே மணி நேரம். 9 மணிக்கு பாஸ் ஓவர் முடிந்து, பாலம் தாண்டி பட்டர்வொர்த் பக்கம் வீடு என்றால் பத்தேகால் ஆகிவிடும். சாப்பிட்டு, குளித்து, மாத்திரை போடும்போது 11. காலை 5 மணிக்கு எழ வேண்டும், ஆனால் மருந்து இன்னும் உடம்பை விடவில்லை. அந்த மயக்கத்தில் பைக் ஓட்டி வந்து இன்சுலின் அளக்க வேண்டும். இது முடியாது என்று தெரிந்ததும் அவர் என்ன செய்கிறார்? மாத்திரையை விட்டுவிடுகிறார். மருந்து பிடிக்கவில்லை என்று விடுவதில்லை, ஏழு மணிக்கு வார்டில் நிற்க வேண்டுமே என்று விடுகிறார்.

அதனால் வார்டுப் பொறுப்பாளரான சிஸ்டரிடம் போகும்போது நோயின் பெயரோடு போக வேண்டியதில்லை, தேவையோடு போங்கள். "எனக்கு நைட்டே வேண்டாம்" என்றால் ரோஸ்டர் போடுகிறவர் தலையில் கை வைத்துக்கொள்வார். மற்றவர்களுக்கும் மனக்கசப்பு வரும். "பிஎம் முடிந்து மறுநாள் ஏஎம் மட்டும் வேண்டாம், நைட் கொடுத்தால் சிதறாமல் சேர்த்துக் கொடுங்கள், மூன்று மாதம் கழித்து மறுபடி பேசிப் பார்ப்போம்" என்று கேட்டுப் பாருங்கள். இதைக் கொடுக்க முடியும். தேதி போட்டுக் கேட்பதுதான் இதில் முக்கியம். முடிவு தெரியாத கோரிக்கையைச் சலுகை என்பார்கள். மருத்துவர் கடிதத்தில் நோயின் பெயர் இருந்தாக வேண்டும் என்றில்லை, வேலையில் என்ன மாற்றம், எத்தனை வாரத்துக்கு என்பது இருந்தால் போதும். ஆனால் உங்கள் நிலை நோயாளியின் பாதுகாப்பைத் தொடும் நாளில் அரைகுறையாகச் சொல்வது தவறு. அன்றைக்கு முழுதாகச் சொல்லியாக வேண்டும்.

மனச்சோர்வில் முதலில் போவது நினைவும் கவனமும். ஒரே ஒரு ஏ4 தாளை மடித்து, படுக்கை எண்ணை இடப்பக்கமும் நேரத்தை மேலேயும் எழுதி, செய்ததை அந்தப் படுக்கையருகிலேயே குறித்துவிடுங்கள். கவுண்டருக்குப் போய் எழுதலாம் என்று தள்ளிப்போட்டதுதான் மறந்துபோகும். இன்சுலின், ஹெபாரின், பொட்டாசியம் குளோரைடு மூன்றுக்கும் இரண்டாவது தாதி முதலாமவரின் விடையைப் பார்க்காமல் தானே கணக்கிட வேண்டும். "எட்டு யூனிட்தானே?" என்று கேட்டு "ஆமாம்" வாங்குவது சரிபார்ப்பு ஆகாது.

இன்னொன்றையும் மென்று விழுங்காமல் சொல்லிவிடுகிறேன். உயிரை முடித்துக்கொள்ளும் எண்ணம் வருகிற காலத்தில் கட்டுப்படுத்தப்பட்ட ஆபத்தான மருந்துகள் உள்ள டிடிஏ அலமாரிச் சாவி உங்கள் கையில் இருக்க வேண்டாம். அந்த ஷிப்டில் வேறொருவர் வைத்திருக்கட்டும். தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய 309-ஆம் பிரிவு 2023-இல் நீக்கப்பட்டுவிட்டது. உதவி கேட்டால் வழக்குப் போடுவார்கள் என்று இனி அஞ்ச வேண்டாம். மனநல உதவிக்கான ஹீல் தொலைபேசி எண் 15555.

காது மந்தமானவர்களுக்கும் ஒரு வார்த்தை. செவிக்கருவியைக் கழற்றிவிட்டு சாதாரண ஸ்டெதஸ்கோப்பை மாட்டினால், இதய ஒலிதான் கேட்கும், பின்னால் கூப்பிடும் நோயாளியின் குரல் கேட்காது. செவிக்கருவியோடு இணையும் மின்னணு ஸ்டெதஸ்கோப் உண்டு. நரம்பு வழியாக மருந்து செலுத்தும் இன்ஃபியூஷன் பம்ப்பின் விளக்கு உங்கள் பார்வைக்கு நேரே இருக்கும்படி ஸ்டாண்டைத் திருப்பி வையுங்கள். பாஸ் ஓவரை நடைபாதையில் நின்று வாங்காதீர்கள். பேசுகிறவர் முகம் தெரியும் இடத்தில், எழுத்துத் தாளோடு வாங்குங்கள்.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2008-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டம், அதாவது 685-ஆம் சட்டம், நீண்டகால மனநலக் குறைபாட்டையும் உள்ளடக்கியது. அதன் 29-ஆம் பிரிவு வேலை உரிமையைச் சொல்கிறது. ஆனால் மீறுகிறவருக்கு அதில் தண்டனை இல்லை, அது பெரிய ஓட்டை. அதனால்தான் எழுத்தில் கேளுங்கள், பதிலையும் எழுத்தில் வாங்குங்கள் என்று சொல்கிறோம். மாற்றுத்திறனாளிகளுக்கான ஓகேயு அட்டையில் மனநலத்துக்கும் தனிப் பிரிவு உண்டு, சமூக நல இலாகாவில் பதிவு செய்யலாம். கட்டாயமில்லை. தனியார் மருத்துவமனையில் இருப்பவர்களுக்கு வேலைச் சட்டப்படி ஆண்டுக்குச் சம்பளத்தோடு 14, 18 அல்லது 22 நாள் மருத்துவ விடுப்பு, எத்தனை ஆண்டு வேலை என்பதைப் பொறுத்து. மருத்துவமனையில் சேர்ந்தால் 60 நாள். சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவில் 2007 முதல் மீண்டும் வேலைக்குத் திரும்பும் திட்டம் இருக்கிறது. வேலையை ராஜினாமா செய்வதற்கு முன் அந்தக் கதவைத் தட்டுங்கள்.

கடைசியாக, சிஸ்டர்களிடம். விடுப்பு முடிந்து ஒருவர் திரும்பி வரும் முதல் வாரத்தில் அவரைக் கவுண்டரில் உட்காரவைத்து ஃபைல் அடுக்கச் சொல்லாதீர்கள். ஒன்றும் தராமல் உட்காரவைத்தால் எல்லோர் கண்ணும் அவர்மேல்தான் இருக்கும். எட்டு நோயாளிகளையும் முதல் நாளே தூக்கிக் கொடுக்காதீர்கள். மூன்று நோயாளிகளை முழுதாகக் கொடுங்கள். மருந்து, குளியல், குறிப்பு எல்லாம் அவர் பொறுப்பு. இரண்டாவது வாரம் ஐந்து. மருந்து டிரோலியை அவர் தள்ளும்போது யாரும் பின்னாலேயே நின்று பார்க்க வேண்டாம். இரட்டைச் சரிபார்ப்பு எல்லோருக்கும் எப்படியோ அப்படியே அவருக்கும். பாஸ் ஓவரில் அவர் பெயரைச் சொல்லி, "படுக்கை பன்னிரண்டு, பதின்மூன்று, பதினான்கு உங்களுடையது, அக்கா" என்று கொடுங்கள்.