எண்ணெய் இல்லாத விளக்கு

(இலங்கையின் வன்னியில், முல்லைத்தீவு மாவட்டத்து முள்ளியவளையில் வாசிகசாலை ஆண்டு விழா ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியோருக்கும் பிள்ளைகளுக்கும் வணக்கம்.

அன்பைப் பற்றியும் வாழ்க்கையைப் பற்றியும் பேசச் சொன்னார்கள். முள்ளியவளையில் நின்றுகொண்டு இதைப் பேச, கதை தேடி எங்கும் போகத் தேவையில்லை. மதுரையை எரித்த கண்ணகி கோபம் ஆறாமல் கடல் கடந்து வந்து, நந்திக்கடல் கரையில் ஒரு கிழவியாக நின்றாள் என்பது நம் ஊர்ப் பெரியவர்கள் சொல்லும் கதை. மாடு மேய்த்த சிறுவர்களிடம் பசிக்கிறது என்றாள். ஆர், எந்த ஊர் என்று அவர்கள் விசாரிக்கவில்லை. பாற்புக்கை, அதாவது பால்சோறு, பொங்கிக் கொடுத்தார்கள். பொழுதுபட்டதும் விளக்கு வைக்கச் சொன்னாள். "எண்ணெய் இல்லையே ஆச்சி" என்றார்கள். "கடல் தண்ணியை அள்ளி விட்டு ஏற்றுங்கோ" என்றாள். ஏற்றினார்கள், எரிந்தது. இன்றைக்கும் வைகாசியில் சிலாவத்தைக் கடலில் தீர்த்தம் எடுத்து வந்து, இங்கே காட்டா விநாயகர் கோயிலில் உப்புநீர் விளக்கெரித்து, அப்புறம்தான் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயிலில் பொங்கல்.

அற்புதத்தை விட்டுவிடுவோம். எனக்கு அந்தப் பிள்ளைகள்தான் பெரிது. தங்களிடமே எண்ணெய் இல்லாத பிள்ளைகள், முன்பின் தெரியாத கிழவிக்கு உலை வைத்தார்கள். உப்புத்தண்ணீர் எரியுமா என்று சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். ஆச்சி சொல்கிறாளே என்று அள்ளி ஊற்றிப் பார்த்தார்கள். இல்லாத இடத்திலிருந்து ஒன்றை உண்டாக்கும் துணிவு அவர்களுக்கு அந்த அன்பிலிருந்துதான் வந்தது என்று நான் நம்புகிறேன்.

நம் வீடுகளில் அடிக்கடி கேட்கும் பேச்சு வேறு. வீட்டு வேலை முடியட்டும், கடன் அடையட்டும், எல்லாம் சரிவரட்டும், பிறகு பார்ப்பம். 2009இல் போரில் எல்லாவற்றையும் இழந்து வந்த சனம் அப்படிச் சொல்வதில் குறை காண எனக்கு மனம் வராது. ஆனால் அந்தப் 'பிறகு'வுக்குள் எவ்வளவு போய்விட்டது! பாடத் தெரிந்தவர் பாடாமலே போய்ச் சேர்ந்தார். தகப்பனும் மகனும் மனம்விட்டுப் பேசாமலே வருடங்கள் போயின.

இந்த மண்ணின் கோவலன் கூத்து வசதி வந்த பிறகு பிறந்ததா? பகலெல்லாம் அருவி வெட்டி, அதாவது நெல் அறுத்து, களைத்தவர்கள்தான் இரவில் இந்தப் பகுதிக் கூத்துப் பாணியான முல்லைமோடியில் ஆடிப் பழகினார்கள். ஒருமுறை கூத்து ஒத்திகை ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணகிக்கு ஆடிய பெடியன் கோவலனை இழந்த இடத்தில் உண்மையாகவே விம்மிவிட்டான், பாட்டு அறுந்துபோனது. கூத்துப் பழக்கும் அண்ணாவியார் மத்தளத்தை நிறுத்தவில்லை. "அழுகையைச் சனம் பார்த்துக்கொள்ளும் தம்பி, நீ பாட்டை விடாதை" என்றார். பெடியன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு தாளத்தைப் பிடித்தான். கலை என்றால் என்ன என்று எனக்கு அதைவிடத் தெளிவாக ஒருவரும் சொல்லித் தந்ததில்லை.

அடுத்தது பொறுமை. வன்னிச் சனம் எதையும் தாங்கும் என்று மேடைகளில் புகழ்கிறார்கள். அந்தப் புகழ்ச்சி எனக்குப் பிடிப்பதில்லை. தாங்குகிறவர்கள்தானே, இன்னும் தாங்கட்டும் என்பதில் கொண்டுபோய் விடும் பேச்சு அது. கிளிநொச்சியில் கந்தசுவாமி கோயிலடியில் 2017 பெப்ரவரி 20ஆம் திகதி பிள்ளைகளின் படங்களோடு போராட உட்கார்ந்த தாய்மாரைப் பாருங்கள். காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைக்குப் பதில் கேட்டு வருடக்கணக்கில் வெயிலிலும் மழையிலும் இருந்தார்கள். பதில் வராமலே கண்மூடிய தாய்மார் உண்டு. அதை வெறும் சகிப்பு என்று சொன்னால் அவர்களுக்குச் செய்யும் அநியாயம். பிள்ளையை விட்டுக்கொடுக்க மறுக்கிற அன்பு அது.

சின்ன அளவில் இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1902இல் வேலை தொடங்கிய, கிளிநொச்சியின் இரணைமடுக் குளம் 2018 டிசம்பரில் நிரம்பி, கதவுகள் திறந்து, வெள்ளம் ஊர்களுக்குள்ளும் வயல்களுக்குள்ளும் புகுந்தது நினைவிருக்கும். அடுத்த காலபோகத்துக்கு, மாரி மழையை நம்பும் பெரிய போகத்துக்கு, அதே சனம்தான் மறுபடி விதைத்தது. குளத்து நீரை நம்பும் சிறுபோகம் வந்தால் தண்ணீர் எல்லா வயலுக்கும் காணாது. கூட்டம் கூடும், சத்தம் போடுவார்கள், பழைய கோபமெல்லாம் வெளியே வரும். சரி என்று கடைசியில் இருக்கிற தண்ணீருக்கு அளவாக ஏக்கரைப் பங்கிட்டுக்கொண்டு எழும்புவார்கள். என் வயல் முழுக்க விளையாவிட்டாலும் பக்கத்து வயற்காரன் அடுப்பும் எரியட்டும் என்று ஒத்துக்கொள்வது லேசான காரியமில்லை.

இளம் பிள்ளைகளிடம் ஒரு வேலை கேட்கிறேன். உங்கள் வீட்டு ஆச்சிமாருக்கும் அப்புமாருக்கும் அருவி வெட்டுப் பாட்டும் தாலாட்டும் ஒப்பாரியும் தெரியும். இந்தக் கிழமையே பக்கத்தில் இருந்து போனில் பதியுங்கள், வரிகளைக் கொப்பியில் எழுதுங்கள். பாடும்போது இடையில் வேறு கதைக்குப் போனால் மறிக்க வேண்டாம், அந்தக் கதையையும் பதியுங்கள். வாசிகசாலைக்காரர் கொப்பிகளை வாங்கி வைப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

கூத்துப் பழக விருப்பமுள்ளவர்கள் கூட்டம் முடிந்ததும் போய்விடாதீர்கள். அண்ணாவியார் வந்திருக்கிறார், பின்வரிசையில் இருக்கிறார். பெண் பிள்ளைகளையும் சேர்ப்பீர்களா என்று கேட்டேன். ஓம் என்றார்.