பார்வோன் வாயில் வந்த தேவ வார்த்தை

நேயர்களுக்கு வணக்கம். எகிப்தின் ராஜாவான பார்வோன் என்றதும் நம்மில் பலருக்கு ஒரே ஒருவர்தான் நினைவுக்கு வருவார். மோசேக்கு முன்னால் பிடிவாதமாக நின்று, பத்து வாதைகளையும் அனுபவித்து, கடைசியில் செங்கடலில் தன் படையைப் பறிகொடுத்தவர். யூதர்களின் வேதமான எபிரெய வேதத்தில் அவரைத் தவிர வேறு பார்வோன்களும் உண்டு. ஆபிரகாமின் மனைவி சாராளை அரண்மனைக்கு அழைத்துக்கொண்டவர், யோசேப்பைச் சிறையிலிருந்து தூக்கி நாட்டுக்கே அதிகாரியாக்கியவர், சாலொமோனுக்குப் பெண் கொடுத்து கேசேர் நகரத்தைச் சீதனமாகத் தந்தவர். சாலொமோன் மகன் ரெகொபெயாம் காலத்தில் எருசலேம் ஆலயத்தின் பொக்கிஷங்களை அள்ளிக்கொண்டு போன சீஷாக்கும் இருக்கிறார். கர்நாக் கோவில் சுவரில் தான் பிடித்த ஊர்களின் பெயர்களை வெட்டிவைத்திருக்கும் முதலாம் ஷெஷோங்க்தான் இந்தச் சீஷாக் என்பது பெரும்பாலான ஆய்வாளர்களின் கருத்து.

இன்று நான் பேச வந்தது, அதிகம் பேசப்படாத இன்னொரு பார்வோனைப் பற்றி. அவர் பெயர் நேகோ. எபிரெய மரபு எவ்வளவு துணிச்சலானது என்பதை எனக்குப் புரியவைத்தவர் அவர்தான்.

கி.மு. ஏழாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதி. எருசலேமைத் தலைநகராகக் கொண்ட யூதா நாட்டை ஆண்டவர் யோசியா. எட்டு வயதில் அரியணை ஏறி, 31 ஆண்டுகள் ஆண்டவர். ஆலயத்தைப் பழுதுபார்த்தபோது கிடைத்த நியாயப்பிரமாணப் புத்தகத்தைக் கேட்டுத் தன் உடையைக் கிழித்துக்கொண்டவர். நாடு முழுவதும் இருந்த விக்கிரக மேடைகளை இடித்தவர். அவரைப் போன்ற ராஜா அவருக்கு முன்னும் இருந்ததில்லை, பின்னும் எழும்பவில்லை என்று ராஜாக்களின் புத்தகம் சொல்கிறது. அவர் பஸ்கா பண்டிகையையும் பெரிய அளவில் கொண்டாடினார். பஸ்கா என்றால் என்ன? பார்வோனின் கையிலிருந்து விடுதலையான இரவின் நினைவு.

அதே யோசியா ஒரு பார்வோனோடு நடந்த மோதலில்தான் செத்தார்.

நடந்தது இதுதான். கி.மு. 612இல் பாபிலோனியரும் மேதியரும் சேர்ந்து அசீரியாவின் தலைநகர் நினிவேயை வீழ்த்தினார்கள். எஞ்சிய அசீரியர்கள் ஆரான் நகரத்தில் நிலைகொண்டார்கள், அப்புறம் அதையும் இழந்தார்கள். பாபிலோன் மேலும் வளர்ந்தால் தனக்கு ஆபத்து என்று எகிப்து நினைத்தது. கி.மு. 609இல் நேகோ படையோடு ஐபிராத்து நதியை நோக்கிப் புறப்பட்டார். வழி மெகிதோ கணவாய். அங்கே யோசியா குறுக்கே நின்றார்.

ராஜாக்களின் புத்தகம் இதை ஒரே வசனத்தில் முடித்துவிடுகிறது. யோசியா எதிர்த்துப் போனார், நேகோ மெகிதோவில் அவரைக் கொன்றார், அவ்வளவுதான். ஏன் என்று ஒரு வார்த்தை இல்லை. இத்தனை நல்ல ராஜா 39 வயதில் இப்படியா சாக வேண்டும்? வாசிக்கிற எவருக்கும் எழுகிற கேள்வி இது.

பல தலைமுறைகள் கழித்து, பாரசீகர் காலத்திலோ அதை ஒட்டியோ, யூதா ராஜாக்களின் வரலாற்றை மறுபடி சொல்லும் நாளாகமத்தை எழுதியவர் இந்தக் கேள்விக்குத் தன் பதிலை எழுதினார். அவர் சொல்கிறபடி, நேகோ யோசியாவிடம் தூதர்களை அனுப்பினார். உனக்கும் எனக்கும் சண்டையில்லை, வேறொருவரோடு போரிடப் போகிறேன், விரைந்து போகும்படி தேவன் எனக்குச் சொல்லியிருக்கிறார், என்னோடு இருக்கிற தேவனைத் தடுக்காதே என்பதுதான் செய்தி. யோசியா கேட்கவில்லை. வேஷம் மாறிப் போர்க்களத்துக்குப் போனார். வில்வீரர்களின் அம்பு பட்டது. எருசலேமுக்குக் கொண்டுவரப்பட்டு இறந்தார். எரேமியா தீர்க்கதரிசி அவருக்காகப் புலம்பல் பாடினார்.

தூதர்கள் சொன்னதை பார்வோனின் தந்திரப் பேச்சு என்று எழுதிவிட்டுப் போயிருக்கலாம். அந்த ஆசிரியர் அப்படிச் செய்யவில்லை. நேகோ சொன்ன வார்த்தைகள் தேவனுடைய வாயிலிருந்து வந்தவை என்று தன் சொந்தக் குரலிலேயே எழுதுகிறார். இதை யாத்திராகமத்தின் ஐந்தாம் அதிகாரத்தோடு சேர்த்துப் பாருங்கள். கர்த்தரின் சொல்லைக் கேட்க அவர் யார் என்று அங்கே பார்வோன் கேட்கிறான். இங்கே பார்வோன் தேவ வார்த்தையைச் சொல்கிறான், தாவீதின் வம்சத்தில் வந்த ராஜா கேட்க மறுக்கிறான். அடிமைத்தனத்தின் நினைவைத் தன் பண்டிகைகளின் மையத்தில் வைத்திருக்கும் ஒரு மக்கள், தங்கள் வேதத்திலேயே இப்படி எழுதிவைத்திருக்கிறார்கள் என்பது சாதாரண விஷயமில்லை.

நாளாகமம் இதைத் தற்செயலாகச் செய்யவில்லை என்பது என் எண்ணம். அடுத்த அதிகாரத்தின் முடிவில், எருசலேமில் ஆலயம் கட்டும்படி தேவன் எனக்குக் கட்டளையிட்டார் என்று பேசுகிறவர் பாரசீக மன்னர் கோரேசு. அவரும் அந்நியர்தான். யூத வரிசைப்படி எபிரெய வேதமே கோரேசின் வார்த்தைகளோடுதான் முடிகிறது. எகிப்தியரின் வாயில் வந்த வார்த்தையைக் கேட்காததால் ராஜா செத்தார், பாரசீகரின் வாயில் வந்ததைக் கேட்ட யூதர்கள் பாபிலோனின் சிறையிருப்பிலிருந்து ஊர் திரும்பினார்கள்.

பின்னால் வந்தவர்களுக்கு இது உறுத்தியிருக்கிறது. எஸ்திராவின் பெயரில் கிரேக்கத்தில் கிடைக்கும் பழைய நூலொன்று இதே கதையைச் சொல்கையில், யோசியா கேட்க மறுத்தது எரேமியா தீர்க்கதரிசியின் வார்த்தையை என்று மாற்றிவிடுகிறது. ரபிமார் என்ற யூத மதகுருமார்களின் விவாதங்களைத் தொகுத்த தால்மூதிலோ, நேகோ சொன்ன தேவன் ஒரு விக்கிரகம்தான் என்று யோசியா எண்ணிக்கொண்டதாக ஒரு விளக்கம் வருகிறது. விக்கிரகத்தை நம்பி வருகிறவனை வெல்ல முடியும் என்று நினைத்தாராம். எரேமியாவிடம் ஒரு வார்த்தை கேட்காமல் போனார் என்ற குறையையும் அங்கேயே சொல்லிவிடுகிறார்கள். யோசியாவின் மேல் அவ்வளவு பாசம் இருந்தும் அவரை முழுவதுமாகக் காப்பாற்ற ரபிமார்களுக்கு மனம் வரவில்லை.

நேகோவின் கதையும் வெற்றியில் முடியவில்லை. யூதாவின் அடுத்த ராஜா யோவாகாசைப் பிடித்து எகிப்துக்குக் கொண்டுபோனார், நூறு தாலந்து வெள்ளியும் ஒரு தாலந்து பொன்னும் அபராதம் விதித்தார், யோயாக்கீமை அரியணையில் உட்காரவைத்தார். நான்கே ஆண்டுகளில், கி.மு. 605இல், ஐபிராத்துக் கரையிலிருந்த கர்கேமிசில் பாபிலோனின் நேபுகாத்நேச்சார் அவர் படையை முறியடித்தார்.

நேரம் கிடைத்தால் இரண்டாம் நாளாகமம் 35ஆம் அதிகாரத்தை எடுத்து வாசியுங்கள். முதல் பத்தொன்பது வசனங்கள் யோசியாவின் பஸ்கா. மீதி எட்டு வசனங்கள் மெகிதோ. பெரும்பாலும் நாம் இரண்டையும் தனித்தனியாகத்தான் வாசிக்கிறோம், இந்த முறை நடுவில் நிறுத்தாமல் வாசித்துப் பாருங்கள். நன்றி, வணக்கம்.