காது இல்லாத பக்கவாத்தியம்

அனைவருக்கும் வணக்கம். வயலினும் எலக்ட்ரானிக் ஒலியும் என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். ஊர் ஊராகச் சுற்றாமல் ஒரே ஒரு படைப்பை மட்டும் பார்ப்போம்.

லூய்ஜி நோனோ, இத்தாலிய இசையமைப்பாளர், வெனிஸ்காரர். 1988 பிப்ரவரியில் ஜெர்மனியின் ஃப்ரைபர்க் நகரத்து மின்னணு இசைக்கூடத்தில், லாட்வியாவில் பிறந்த வயலின் கலைஞர் கிடோன் கிரேமரை வாசிக்கச் சொல்லிப் பதிவு செய்தார். வயலின் மட்டுமா பதிவானது? கதவு சாத்தும் சத்தம், நாற்காலி நகரும் சத்தம், நடுவில் பேசிக்கொண்ட பேச்சு எல்லாம் ஒலிநாடாவில் விழுந்தன. வேறு யாராக இருந்தாலும் வெட்டி எறிந்திருப்பார்கள். நோனோ வைத்துக்கொண்டார்.

அதிலிருந்து எட்டுத் தடங்கள் கொண்ட ஒலிநாடா ஒன்றை உருவாக்கினார். சில தடங்களில் வயலின் ஒலிகள் அடுக்கடுக்காகக் கனத்துக் கிடக்கும். சிலவற்றில் கீச்சென்ற மெல்லிய உச்ச ஒலிகள். அப்புறம் அந்தக் கதவும் நாற்காலியும். அதே ஆண்டு செப்டம்பரில் பெர்லினில் அரங்கேற்றம். பெயர் 'லா லொன்தனான்சா நொஸ்டால்ஜிகா உத்தோபிகா ஃபுத்துரா'. மூச்சு வாங்குகிறது, இனி 'தொலைவு' என்றே சொல்கிறேன்.

அரங்கில் எட்டுப் பத்து இசைத்தாள் தாங்கிகள் அங்கங்கே நிற்கும். ஆறில்தான் தாள் இருக்கும், மற்றவை வெறும் தாங்கிகள். அந்த ஒலிநாடா ஒருபக்கம் ஓட, வயலின் கலைஞர் ஒவ்வொன்றாகத் தேடி நடந்து நேரில் வாசிக்க வேண்டும். 'நடப்பவர்களே, பாதை என்று எதுவும் இல்லை, நடக்கத்தான் வேண்டும்' என்று ஸ்பெயினின் டொலேடோவில் ஒரு மடத்துச் சுவரில் நோனோ படித்திருக்கிறார். அந்த வரி அவரை விடவே இல்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நம் கச்சேரியில் பாடகர் ஒரு ஸ்வரத்தில் நின்றுவிட்டால் பக்கவாத்திய வயலினும் கூடவே நிற்கும். நாடா நிற்குமா? அதற்குக் காது கிடையாது. சுருதிப் பெட்டி மாதிரி, யார் வந்தாலும் போனாலும் அது பாட்டுக்கு ஓடும். நோனோ இதற்கு இயந்திரத்தில் தீர்வு தேடவில்லை. ஒலிகளைக் கூட்டிக் குறைக்கும் மிக்ஸர் பலகை முன்னால் ஒரு மனிதரை உட்கார வைத்தார். எட்டுத் தடங்களும் அவர் விரலில். வயலினைக் கேட்டு, இப்போது எந்தத் தடம், எந்த ஒலிபெருக்கி, எவ்வளவு சத்தம் என்று அந்த நொடியில் முடிவு செய்வது அவர்தான். எல்லாவற்றையும் மூடிவிட்டு வயலினைத் தனியே விடவும் செய்யலாம். அவரை ஒலிப் பொறியாளர் என்று சொல்லி ஓரங்கட்டக் கூடாது. என்னைக் கேட்டால், அவர்தான் பக்கவாத்தியம். அதனால்தான் இரண்டு நிகழ்ச்சிகள் ஒரே மாதிரி அமைவதில்லை.

முதல் தடவை எனக்கு இது பிடிக்கவே இல்லை. ஹெட்போனில் கேட்டேன், அதுதான் தப்பு. நாலு பக்கமும் ஒலிபெருக்கி இருக்க, நடுவே நாம் உட்கார்ந்திருக்க வேண்டிய இசை அது.

இங்கே எட்டு ஒலிபெருக்கி இல்லை, நாலுதான். இருப்பதை வைத்து ஒரு பகுதியைப் போடுகிறேன். நடுவில் கதவு சாத்தும் சத்தம் கேட்டால் யாரும் திரும்பிப் பார்க்காதீர்கள். அது ஃப்ரைபர்க் கதவு.