ஆரணி ஆறு: மணலும் உப்பும்

பெரியோர்களே, தாய்மார்களே, தமிழ்நாட்டு எல்லை தாண்டி ஊத்துக்கோட்டையிலிருந்து வந்திருக்கும் சொந்தங்களே, வணக்கம்.

பட்டுக்குப் பெயர்போன ஆரணி இந்த ஆற்றங்கரையில் இல்லை. அது கமண்டல நாகநதிக் கரை ஊர். நம் ஆரணி ஆறு பிச்சாட்டூர் அணையில் தேங்கி, இங்கே சுருட்டப்பள்ளியில் பள்ளிகொண்டீஸ்வரரைத் தொட்டுக்கொண்டு ஆந்திர எல்லையைக் கடக்கிறது. பிறகு பெரியபாளையம், பொன்னேரி, கடைசியில் பழவேற்காடு ஏரி.

2015 நவம்பரில் கரைபுரண்ட அதே ஆற்றில் சித்திரையில் கால் நனையாது. ஆனால் மணல் இருந்தவரை வறண்ட ஆறும் தண்ணீர் கொடுத்தது. நம் பாட்டிமார் முழங்கை ஆழம் மணலைத் தோண்டி, முதலில் ஊறிய கலங்கலைக் கொட்டாங்கச்சியால் இறைத்து வெளியே ஊற்றிவிட்டு, கண்ணாடியாய்த் தெளிந்ததைக் குடத்தில் மொண்டார்கள். ஆற்றின் தண்ணீர்த் தொட்டியும் வடிகட்டியும் அந்த மணல்தான். அதை லாரி லாரியாக அள்ளிவிட்டு, களிமண் தெரியும் பள்ளத்தில் கழிவுநீரை விட்டிருக்கிறோம். நெஞ்சு கொதிக்கிறது.

ஆற்றின் கீழ்ப்பக்கம், கடலோரத்தை ஒட்டி நடந்ததைக் கேளுங்கள். 1960-களின் பிற்பகுதியிலிருந்து பொன்னேரி பக்கத்து மீஞ்சூர் வட்டாரத்தில் சென்னைக்காகவும் ஆலைகளுக்காகவும் ஆழ்குழாய்களில் உறிஞ்சினார்கள். விவசாய மோட்டார்களும் சேர்ந்துகொண்டன. கடல்நீர் நிலத்தடியில் 10 கிலோமீட்டருக்கும் மேல் உள்ளே வந்துவிட்டது. கடலோரத்தில் நல்ல நீர் கடல்மட்டத்துக்கு மேல் ஓரடி நின்றால், அது கீழே சுமார் 40 அடி உப்புநீரை அழுத்தி வைத்திருக்கும். அந்த ஓரடி இறங்கினால் உப்பு 40 அடி ஏறும். கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35,000 மில்லிகிராம் உப்பு இருக்கிறது. குடிநீரில் கரைந்த உப்புகள் 500-க்குள் இருப்பது நல்லது. நூறு குடத்தில் இரண்டு குடம் கடல்நீர் கலந்தாலே 700 ஏறிவிடும். அப்புறம் சோப்பு நுரைக்காது, பருப்பு வேகாது. உப்பேறிய நிலத்தடியை ஒரு மழைக்காலம் கழுவிவிடாது. பல ஆண்டுகள் வேண்டும்.

ஆடியில் பெரியபாளையத்து பவானி அம்மனுக்கு வேப்பஞ்சேலை கட்டிப் போகிறவர்கள் நம் வீடுகளிலும் உண்டு. வேப்பிலை மக்கிவிடும். கொண்டுபோகும் பிளாஸ்டிக் மக்காது, அதைத் திரும்ப எடுத்து வாருங்கள்.

தடுப்பணை கட்டுகிறார்கள், நல்லது. ஆனால் கழிவுநீரைத் தேக்கினால் அதுவேதான் நம் கிணற்றுக்குள் இறங்கும். ஆகவே இந்த ஐப்பசி மழைக்கு முன், ஆற்றில் விழும் ஒவ்வொரு சாக்கடை வாயையும் பஞ்சாயத்து வரைபடத்தில் குறிப்போம். சுருட்டப்பள்ளி, ஊத்துக்கோட்டை, பெரியபாளையம், பொன்னேரி ஆகிய நான்கு ஊர்களிலும் ஒரே நாளில் ஆற்றோரக் கிணற்று நீரை எடுத்துச் சோதனைக்கு அனுப்புவோம். பெயர் கொடுக்க விரும்புகிற இளைஞர்கள் மேடைக்கு இடப்பக்கம் வாருங்கள்.