எந்த யானை என்று கேளுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். இந்த அரங்கில் பாதிப் பேர் வாழைக்கும் திராட்சைக்கும் தண்ணீர் பாய்ச்சிவிட்டு வந்திருப்பீர்கள் என்று தெரியும். அதனால் சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன்.

யானையைப் பற்றிப் பேசக் கூப்பிட்டீர்கள். நான் அதன் லத்தியிலிருந்து, அதாவது சாணத்திலிருந்து ஆரம்பிக்கிறேன். சிரிக்கலாம், தப்பில்லை. ஆனால் 2025 அக்டோபரில் வெளியான அகில இந்திய யானைக் கணக்கு அந்த லத்தியை நம்பித்தான் எடுக்கப்பட்டது. நாடு முழுக்க 22,446 யானைகள், அதில் தமிழ்நாட்டில் 3,136 என்று வந்தது அல்லவா, அந்தக் கணக்கு.

காலையில் யானை போட்டுவிட்டுப் போன லத்தியைப் பார்த்தால், மேலே பளபளவென்று வழவழப்பாக ஒரு பூச்சு இருக்கும். குடலின் உள்சுவரிலிருந்து உரிந்து வந்த செல்கள் அதில்தான் ஒட்டியிருக்கின்றன. அந்த மேல்பூச்சை மட்டும் சுரண்டி, கெடாமல் வைக்கும் திரவத்தில் போட்டு ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். வெயில் ஏறிவிட்டாலோ மழை பெய்துவிட்டாலோ டிஎன்ஏ சிதைந்துபோகும். அதனால் இது வெள்ளனவே நடந்து போய்ச் செய்யும் வேலை. வேட்டைத் தடுப்புக் காவலர்களும் வனக் காப்பாளர்களும் இப்படிச் சேர்த்த மாதிரிகள் 21,000க்கும் மேல். ஆய்வகத்தில் ஒவ்வொரு மாதிரியிலும் டிஎன்ஏவின் 11 இடங்களைப் படித்தார்கள். அந்த 11 இடங்களும் சேர்ந்து அமையும் விதம் யானைக்கு யானை வேறுபடும். அப்படித் தனித்தனியாக அடையாளம் தெரிந்தவை 4,065 யானைகள்.

மீதி எப்படி வந்தது? ஒரு காட்டில் நூறு லத்தி எடுத்து, அதில் திரும்பத் திரும்ப அதே பத்து யானைகள் வந்தால், அங்கே யானைகள் கொஞ்சம்தான். நூறும் நூறு வெவ்வேறு யானையாக இருந்தால், இன்னும் நாம் பார்க்காதவை நிறைய இருக்கின்றன. இந்தத் தர்க்கத்தைக் கணிதமாக்கினால் மொத்த எண்ணிக்கை கிடைக்கும். 2017 கணக்கு 27,000க்கு மேல் காட்டியது. உடனே ‘யானைகள் குறைந்துவிட்டன’ என்று தலைப்புச் செய்தி போட்டார்கள். அளந்த முறையே வேறு. இரண்டையும் பக்கத்தில் வைத்துக் கழிக்கக் கூடாது என்று அறிக்கையைத் தயாரித்தவர்களே சொல்லியிருக்கிறார்கள். அது யார் காதில் விழுந்தது?

என்னைக் கேட்டால், அந்த அறிக்கையில் 22,446ஐ விட 4,065தான் பெரிய விஷயம். அது வெறும் தொகை இல்லை, ஆள் அடையாளம். இன்றைக்கு நான் சொல்ல வந்ததும் அதுதான். எத்தனை யானை என்று கேட்டுப் பழகிவிட்டோம். எந்த யானை என்று கேட்க வேண்டிய காலம் வந்துவிட்டது.

மேற்குத் தொடர்ச்சி மலையை எடுத்துக்கொள்வோம். வரைபடத்தில் பார்த்தால் ஒரே நீளமான பச்சைக் கோடு. யானைக்கு அது மூன்று நாடு. 2024இல் பெங்களூருவின் தேசிய உயிரியல் அறிவியல் மையத்தைச் சேர்ந்த உமா ராமகிருஷ்ணன் குழுவும், யானை ஆய்வில் எல்லோருக்கும் தெரிந்த ராமன் சுகுமாரும் சேர்ந்து ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். இந்தியாவின் பல காடுகளிலிருந்து 34 யானைகளின் மரபணுத் தொகுப்பை முழுமையாகப் படித்ததில், நம் நாட்டு யானைகள் மரபியல்படி ஐந்து கூட்டமாகப் பிரிந்தன. வடக்கே ஒன்று, மத்திய இந்தியாவில் ஒன்று. மீதி மூன்றும் நம் மலையில். பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே நீலகிரிப் பக்கம் ஒன்று. கணவாய்க்குத் தெற்கே ஆனைமலை, பெரியாறு பக்கம் இன்னொன்று. செங்கோட்டைக் கணவாய்க்கும் தெற்கே, அகத்தியமலைப் பக்கம் கடைசிக் கூட்டம்.

யானைகள் வடக்கிலிருந்து தெற்கே படிப்படியாகப் பரவியிருக்கின்றன என்பதும் அதில் தெரிந்தது. பல ரகம் கலந்த விதைநெல் மூட்டையிலிருந்து ஒரு பிடி எடுத்து ஒருவரிடம் கொடுங்கள். அவர் அந்தப் பிடியிலிருந்து இரண்டு விரலில் எடுத்து அடுத்தவரிடம் கொடுக்கட்டும். கடைசி ஆளின் கையில் எத்தனை ரகம் மிஞ்சும்? அகத்தியமலை யானைகள் அந்தக் கடைசி ஆள். எண்ணிக்கையும் குறைவு, மரபணு வகையும் குறைவு. நெருங்கிய சொந்தத்துக்குள்ளேயே இணைசேர்ந்தால் என்ன ஆகும் என்று நம் ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. மறைந்து கிடக்கிற குறைகள், தாய் வழியாகவும் தகப்பன் வழியாகவும் வந்து ஒரே குட்டியில் சேர்ந்துவிடும்.

இதோடு இன்னொன்றையும் சேர்த்துப் பாருங்கள். மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்தில் இருக்கும் பெரியாறு புலிகள் காப்பகத்தில் 1970களிலிருந்து தந்தத்துக்காகக் கொம்பன்களைச் சுட்டுத் தள்ளினார்கள். ஒரு கட்டத்தில் வயது வந்த ஓர் ஆணுக்குச் சுமார் நூறு பெண் யானைகள் என்று ஆகிவிட்டது. தூரத்திலிருந்து பார்த்தால் காடு நிறைய யானை. தகப்பன் ஆகிறவை எத்தனை என்று கேட்டால் விரல் விட்டு எண்ணிவிடலாம். அடுத்த தலைமுறை முழுக்க அந்தச் சில ஆண்களின் பிள்ளைகள். தலை எண்ணும் கணக்கில் இது தெரியவே தெரியாது.

ஆப்பிரிக்காவில், மொசாம்பிக்கின் கொரொங்கோசா தேசியப் பூங்காவில் இதைவிட விசித்திரம். 1977 முதல் 1992 வரை உள்நாட்டுப் போர். இரு தரப்பும் தந்தம் விற்று ஆயுதம் வாங்கின. பத்தில் ஒன்பது யானைக்கு மேல் செத்தன. ஆப்பிரிக்காவில் பெண் யானைக்கும் தந்தம் உண்டு. போருக்கு முன் தந்தமில்லாத பெண்கள் 18.5 சதவீதம், பிறகு 50.9 சதவீதம். தந்தம் இல்லாதது பிழைத்தது, குட்டி போட்டது, அவ்வளவுதான். இதற்குப் பின்னால் இருக்கும் மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதாகவும், அதே மாற்றம் ஆண் கருவுக்கு வந்தால் கரு தங்காது என்றும் 2021இல் வெளியான ஆய்வு காட்டியது. பதினைந்து வருடத் துப்பாக்கிச் சத்தம் ஓர் இனத்தின் உடம்பையே மாற்றியிருக்கிறது. நம் ஊர் மக்னாவைப் பார்த்து இதே கதை என்று நினைத்துவிடாதீர்கள். மக்னா என்பது தந்தமில்லாத ஆண். நன்றாகவே வாழ்கிறது, மோதுகிறது, உங்கள் தோட்டத்துக்கும் வருகிறது.

சரி, இதுவரை சொன்னது ரத்தத்தில் வருவது. யானைக்கு ரத்தத்தில் வராமல், கூட இருந்து பார்த்துக் கற்பதும் நிறைய உண்டு.

தென் ஆப்பிரிக்காவில் பிலானஸ்பெர்க் என்று ஒரு பூங்கா. க்ரூகர் காட்டில் யானைகளை எண்ணிக்கை குறைப்பதற்காகச் சுட்டபோது அநாதையான குட்டிகளை அங்கே கொண்டுபோய் விட்டார்கள். பெரிய ஆண் யானை ஒன்றுகூட உடன் போகவில்லை. குட்டிகள் வளர்ந்தன. 1992 முதல் 1997க்குள் அந்த இளவட்டங்கள் 40க்கும் மேற்பட்ட வெள்ளைக் காண்டாமிருகங்களைக் குத்திக் கொன்றன. மதம் பிடிக்க வேண்டிய வயதுக்கு வெகு முன்பே அவற்றுக்கு மதம் பிடித்தது. பிடித்தால் மாதக்கணக்கில் விடவில்லை. 1998இல் க்ரூகரிலிருந்து ஆறு பெரிய ஆண்களைக் கொண்டுவந்து விட்டார்கள். வேறு ஒன்றும் செய்யவில்லை. இளசுகளின் மதம் தணிந்தது, காண்டாமிருகக் கொலையும் நின்றது. மரபணுவைப் பொறுத்தவரை அந்தக் குட்டிகளிடம் ஒரு குறையும் இருந்ததாக யாரும் சொல்லவில்லை. அதட்ட ஆள் இல்லை, அதுதான் குறை.

இப்போது நம் பக்கம் வாருங்கள். நிஷாந்த் ஸ்ரீனிவாசையாவும் உடனிருந்த ஆய்வாளர்களும் 2016, 2017இல் பெங்களூரு, துமகூரு, ஓசூரைச் சுற்றி 248 ஆண் யானைகளைப் படம் எடுத்து, காது மடிப்பு, வால் நுனி, தந்தத்தின் வளைவு ஆகியவற்றைப் பார்த்து அடையாளம் வைத்துப் பின்தொடர்ந்தார்கள். ஆசிய ஆண் யானை என்றால் ஒற்றை என்றுதானே படித்திருக்கிறோம்? அடர்காட்டில் அப்படித்தான். ஆனால் கேழ்வரகு வயலும் ஏரியும் தோப்பும் கலந்த நாட்டுப்புறத்தில் இளம் ஆண்கள் கூட்டம் சேர்ந்து திரிந்தன, பெரிய ஆண்களோடு, வருடக்கணக்கில் பிரியாமல். பகலில் ஒதுங்குவது எங்கே, எந்த வயலுக்கு எப்போது இறங்குவது, பட்டாசு வெடித்தால் எந்தப் பக்கம் ஓடுவது என்பதெல்லாம் அந்தக் கூட்டத்துக்குள் கைமாறுகிற பாடம். சுற்றுப்புறம் மாறியது; மரபணு மாறுவதற்குள் நடத்தை மாறிவிட்டது.

விவசாயிக்கு இது கெட்ட செய்தி, ஒளிக்க வேண்டியதில்லை. பெரிய கொம்பன் சின்னதுக்குப் பயிர் மேயக் கற்றுக்கொடுக்கிறது. கென்யாவின் அம்போசெலியிலும் அதையே பார்த்திருக்கிறார்கள்: பயிர் மேயும் மூத்த ஆணோடு சுற்றுகிற இளையது தானும் மேயத் தொடங்குகிறது. ஆனால் அதே பெரிய கொம்பன்தான் மனிதனைக் கண்டால் ஒதுங்கவும் கற்றுக்கொடுக்கிறது. அம்போசெலியில் டிஎன்ஏவை வைத்து யார் பிள்ளை என்று பார்த்தபோது, வயதில் மூத்து மதம் கொண்ட ஆண்களே அதிகக் குட்டிகளுக்குத் தகப்பன் என்று வந்தது. ஆக, ரத்தத்துக்கும் அதுதான் ஆதாரம், பாடத்துக்கும் அதுதான் வாத்தியார். ‘பிரச்சினை யானை’ என்று பேர் வைத்து நாம் மயக்க ஊசி போட்டு லாரியில் ஏற்றுவது பெரும்பாலும் அதைத்தான்.

அரிக்கொம்பன் என்ற காட்டு யானையின் கதையை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2023 ஏப்ரல் கடைசியில் கேரள வனத்துறை சின்னக்கானலில் பிடித்துப் பெரியாற்றில் விட்டது. மே 27 காலையில் கம்பம் தெருவில் நின்றான். 144 போட்டார்கள். அன்றைக்குக் காயம்பட்ட ஒருவர் பிறகு இறந்தும் போனார். ஜூன் 5ஆம் தேதி நம் வனத்துறை பிடித்து, களக்காடு முண்டந்துறையில் மேல் கோதையாறு பக்கம் கொண்டுபோய் விட்டது. அதே வருடம் பிப்ரவரியில் தர்மபுரிப் பக்கம் பிடித்து ஆனைமலையில் விட்ட மக்னா ஒன்று இறங்கிக் கோயம்புத்தூர் வரைக்கும் நடந்து வந்தது. இலங்கையில் பிருதிவிராஜ் பெர்னாண்டோ குழு இப்படி இடம் மாற்றிய 12 ஆண் யானைகளுக்கு ஜிபிஎஸ் பட்டை கட்டிப் பார்த்திருக்கிறார்கள். சில நேராக வீட்டுக்கே திரும்பின. சில ஊர் ஊராக அலைந்தன. சிலதான் புது இடத்தில் தங்கின. மோதல் குறையவில்லை, பரவியது. யானைகளின் சாவும் கூடியது. இது 2012இலேயே அச்சில் வந்துவிட்டது.

இங்கே ஒன்று கவனியுங்கள். இதை யாரும் பேசி நான் கேட்டதில்லை. பெரியாற்றில் விட்டவரைக்கும் அரிக்கொம்பன் தன் கூட்டத்தின் எல்லைக்குள்தான் இருந்தான். கோதையாறு என்பது செங்கோட்டைக் கணவாய்க்குத் தெற்கே. அதாவது, மரபணு வகை மிகவும் குறைந்துபோன அந்தக் கடைசிக் கூட்டத்துக்குள் வெளி ரத்தம் உள்ள ஓர் ஆணை நாம் விட்டிருக்கிறோம். ஊருக்கு எட்டாத காடு எது என்று பார்த்து எடுத்த முடிவு அது.

இது நல்லதாகவும் முடியலாம். 1995இல் அமெரிக்காவின் புளோரிடாவில் இருபது முப்பதாகச் சுருங்கிப்போன மலைச் சிங்கங்களுக்கு டெக்சாஸிலிருந்து எட்டுப் பெண்களைக் கொண்டுவந்து விட்டார்கள். வளைந்த வாலும் இதயக் கோளாறும் குறைந்தன. எண்ணிக்கை மூன்று மடங்கு ஆனது. ஆனால் அங்கே எதைக் கொண்டுவருவது, எத்தனை என்பதை முன்பே உட்கார்ந்து கணக்குப் போட்டார்கள். இங்கே ரேஷன் கடை அரிசிக்குப் பழகிய, ஊருக்குள் வரத் தெரிந்த ஓர் ஆணைத் தேர்ந்தெடுத்தது மரபியலும் இல்லை, நடத்தை அறிவியலும் இல்லை. நீதிமன்றமும் அவசரமும்தான். வனத்துறையைக் குறை சொல்லவில்லை. ஊருக்குள் யானை நிற்கும்போது யாராலும் கருத்தரங்கு நடத்த முடியாது. கருத்தரங்கை அதற்கு முன்னால் நடத்தியிருக்க வேண்டும் என்கிறேன்.

வால்பாறையில் அப்படித்தான் செய்தார்கள். தேயிலைக்கு நடுவே துண்டு துண்டாகக் காடு. யானை போய் வராமல் இருக்க வழியில்லை. ஆனந்தகுமாரும் இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளை நண்பர்களும் பல வருடம் பின்தொடர்ந்து பார்த்ததில், பெரும்பாலான சாவுகள் நடந்தது யானை அங்கே நிற்பதே தெரியாமல் நேரில் போய் மாட்டியதால்தான் என்று புரிந்தது. உடனே செய்தது என்ன? யானை நிற்கும் இடத்தைக் கேபிள் டிவியில் ஓடவிட்டார்கள், செல்போனுக்குக் குறுஞ்செய்தி அனுப்பினார்கள், எஸ்டேட் முக்குகளில் சிவப்பு விளக்கு வைத்தார்கள். யானை பக்கத்தில் இருந்தால் விளக்கு எரியும். கடைசி பஸ்ஸில் இறங்குகிறவர் பார்த்துவிட்டு நின்றுவிடுவார். சாவு குறைந்தது. ஒரு யானையையும் லாரியில் ஏற்றாமல்.

அதற்காக வாழைத்தோப்பு போனால் போகட்டும் என்று சொல்ல வரவில்லை. இழப்பீடு ஆறு மாதம் கழித்துப் பாதியாக வந்தால், எந்த விவசாயியும் அடுத்த தடவை ‘பிடித்துக்கொண்டு போ’ என்றுதான் சொல்வார். அவர் சொல்வதில் தப்பே இல்லை.

மேல் கோதையாற்றில் செய்ய வேண்டியது ஒன்று பாக்கி இருக்கிறது, பெரிய செலவும் இல்லை. வருடா வருடம் அங்கே குட்டி யானைகளின் லத்தியைச் சேகரித்து, அரிக்கொம்பனின் மரபணு அவற்றில் வந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இனி எந்த யானைக்கு ஊசி போட்டாலும், மயங்கிக் கிடக்கும்போதே அதன் ரத்தத்தில் கொஞ்சம் எடுத்து எந்தக் கூட்டம் என்று பதிந்துவைக்க வேண்டும். கூடத் திரியும் இளசுகள் எத்தனை, அவற்றை யார் கவனிக்கப் போகிறார்கள் என்றும் எழுதிவைக்க வேண்டும். மாவட்ட அதிகாரிகளோடு குறைதீர்ப்புக் கூட்டம் நடக்கும்போது இதை நீங்களும் கேட்கலாம். நான் கேட்பதை விட நீங்கள் கேட்டால் காதில் ஏறும்.

நேரம் ஆகிவிட்டது. கேள்வி இருப்பவர்கள் கையைத் தூக்குங்கள், மைக் வரும். பின் வரிசையில் வெகு நேரமாகக் கை தூக்கிக்கொண்டிருக்கும் அண்ணனிடம் முதலில் கொடுங்கள்.