ஐந்து நிமிட இடைவேளையும் கையிலுள்ள செல்பேசியும்

(காட்சி: பேராசிரியர் வெளியேறிய வகுப்பறை. தலைகள் கவிழ்கின்றன.)

குரல்: ஒரு வகுப்பு முடிந்து அடுத்தது தொடங்கும்வரை கிடைக்கும் ஐந்து நிமிடத்தில், அறை நிறைய மாணவர்கள் இருந்தும் பேச்சொலி அடங்கிக் கிடப்பதை இன்று பல கல்லூரிகளில் காணலாம். பக்கத்து இருக்கையில் இருப்பவரின் பெயரைக் கேட்பதும், பேனாவை இரவல் வாங்குவதும், புரியாத பாடத்தைப் பற்றிப் புலம்புவதும் அந்த இடைவேளையில்தான் நடந்தன. கல்லூரி நட்புகள் பல இத்தகைய நோக்கமற்ற பேச்சில்தான் முளைவிட்டன. செல்பேசியின் பாதிப்பை நாம் மணிக்கணக்கில் அளக்கிறோம். அது எந்த நேரத்தை எடுத்துக்கொள்கிறது என்பதே அதைவிட முக்கியமான கேள்வி என்று நான் கருதுகிறேன்.

(காட்சி: உணவு மேசை, தட்டுக்கு அருகில் ஒளிரும் திரை.)

குரல்: கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், நண்பர்களுடனோ குடும்பத்தினருடனோ உணவருந்த வந்த 300-க்கும் மேற்பட்டோரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினர் செல்பேசியை மேசைமீது வைத்திருக்கவும் மற்றவர்கள் எடுத்து வைத்துவிடவும் செய்தனர். 2018-இல் வெளியான அந்த ஆய்வின்படி, செல்பேசி மேசைமீது இருந்தவர்களின் கவனம் அதிகம் சிதறியது. உடனிருப்பின் மகிழ்ச்சியும் அவர்களுக்குச் சற்றுக் குறைந்தது. எதிரில் இருப்பவரின் பார்வை திரைக்குத் தாவும்போது, பேசிக்கொண்டிருப்பவர் தாம் சொல்ல வந்ததைச் சுருக்கிக்கொள்கிறார். மனத்தை அழுத்தும் விஷயமாக இருந்தால், அதைத் தொடங்காமலே விட்டுவிடுகிறார்.

அதே ஆண்டில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் 143 மாணவர்களிடம் நடத்தப்பட்ட மற்றோர் ஆய்வும் வெளியானது. ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், ஸ்னாப்சாட் ஒவ்வொன்றையும் நாளுக்குப் பத்து நிமிடத்துக்குள் நிறுத்திக்கொண்டவர்களிடம் மூன்று வாரங்களில் தனிமையுணர்வு குறைந்திருந்தது. அவர்கள் எதையும் முற்றிலும் கைவிடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். விடுதியில் தங்கிப் படிக்கும் மாணவிக்குத் தாயின் முகத்தைக் காட்டுவதும், வகுப்பில் வாய் திறக்கத் தயங்குபவர் சந்தேகம் கேட்க வழி தருவதும் இதே கருவிதான்.

(காட்சி: பூட்டிய தேர்வறை, வெளியே ஒரு மாணவர்.)

குரல்: ஆயினும் வகுப்பு அறிவிப்புகள் அனைத்தும் வாட்ஸ்அப் குழுவுக்கே போய்விட்ட நிலையில், செல்பேசியோ டேட்டாவோ இல்லாத மாணவரின் நிலையை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. தேர்வறை மாறியது முன்பெல்லாம் வாய்மொழியாகவே பரவியது. இப்போது எல்லோரும் பார்த்திருப்பார்கள் என்று நம்பி ஒருவரும் சொல்வதில்லை. அருகில் அமர்ந்தவரோடு ஒருநாளும் பேசியிராததால், அந்த மாணவருக்கும் யாரிடம் கேட்பதென்று தெரிவதில்லை.