வீட்டு வாசலில் டைமிங் செயின் மாற்றிய கதை | ஸ்விஃப்ட் டீசல்

வணக்கம் மக்களே. பின்னாடி நிற்பது நம்ம ஸ்விஃப்ட் டீசல், 1248 சிசி மல்டிஜெட் எஞ்சின், ஓடியது 1,60,000 கிலோமீட்டர். மூன்று நாளாக வலது முன்சக்கரம் இல்லாமல் போர்டிகோவில் ஸ்டாண்டு மேல் நின்றது, இன்று காலைதான் கீழே இறக்கினேன். டைமிங் செயின் என்றால், பிஸ்டன்கள் சுற்றுகிற கிராங்க் தண்டையும் வால்வுகளைத் திறக்கிற காம்ஷாஃப்ட் தண்டையும் ஒரே தாளத்தில் ஓட வைக்கிற சங்கிலி. செயின், அதைத் தொய்யாமல் இழுத்துப் பிடிக்கிற டென்ஷனர், அது உரசி ஓடுகிற இரண்டு பிளாஸ்டிக் கைடு, கிராங்க் ஓரத்தில் ஆயில் கசியாமல் தடுக்கிற ஆயில் சீல், எல்லாம் புதுசு.

எதற்குப் பிரித்தேன் என்றால், சத்தம். காலையில் முதல் ஸ்டார்ட்டில் மட்டும் இரண்டு மூன்று விநாடி, தகர டப்பாவில் ஆணியைப் போட்டுக் குலுக்கியது போல. அப்புறம் தானாக நின்றுவிடும், சூடான வண்டியில் கேட்கவே கேட்காது, அதனால் டீசல் என்றால் அப்படித்தான் என்று பலர் விட்டுவிடுகிறார்கள். விடாதீர்கள். டென்ஷனர் வேலை செய்வது எஞ்சின் ஆயில் பிரஷரில். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் அந்த ஆயில் வடிந்திருக்கும், திரும்ப ஏறுகிற வரை செயின் தொய்ந்து கிடக்கும். தேய்ந்த செயின் என்றால் தொய்வு இன்னும் அதிகம், அது ஒரு பல் தாண்டிவிட்டால் பிஸ்டன் மேலே வரும் நேரத்தில் வால்வு திறந்து நிற்கும், இரண்டும் மோதினால் வால்வுகள் இருக்கிற மேல்பகுதியை, அதாவது ஹெட்டையே கழற்றுகிற பெரிய வேலைதான்.

செயின் நீண்டுவிட்டது என்று சொல்கிறோமே, இரும்பு ஒன்றும் இழுபடுவதில்லை. ஒவ்வொரு கண்ணியையும் கோக்கிற சின்ன ஊசி கொஞ்சம் கொஞ்சமாகத் தேயும், எல்லாம் சேர்ந்து நீளமாகத் தெரியும். டீசல் ஆயிலில் சேருகிற கரிதான் அதை அரைப்பது. இந்த வண்டியின் முதல் ஓனர் ஆயிலை நாள் தள்ளித் தள்ளி மாற்றியிருக்கிறார், எஞ்சினுக்கு அடியில் ஆயில் நிற்கிற தொட்டியை, அதாவது சம்ப்பைக் கழற்றியதுமே தெரிந்துவிட்டது, அடியில் கரி களிம்பு மாதிரி படிந்திருந்தது. இதோ பாருங்கள், பழைய செயினையும் புதுசையும் ஒரே ஆணியில் மாட்டியிருக்கிறேன், பழையது 3 மில்லிமீட்டர் கீழே தொங்குகிறது. கைடைப் பாருங்கள், பிளாஸ்டிக்கில் செயின் ஓடிய தடம் இரண்டு கோடாக விழுந்திருக்கிறது, நகத்தை வைத்தால் நகம் உள்ளே போகிறது. இதையெல்லாம் அப்படியே விட்டுவிட்டு டென்ஷனரை மட்டும் மாற்றினால் சத்தம் கொஞ்ச நாள் அடங்கும், அவ்வளவுதான்.

வேலையில் நேரம் தின்பது வழி பண்ணுவதுதான். எஞ்சினுக்கு அடியில் கட்டை வைத்து ஜாக்கியில் தாங்கிக்கொண்டு எஞ்சினை அந்தப் பக்கம் பிடித்திருக்கிற மவுன்டிங்கைக் கழற்ற வேண்டும், சம்ப்பை இறக்க வேண்டும், அதற்கப்புறம்தான் செயினை மூடியிருக்கிற கவர் வெளியே வரும். கவர் போல்ட்டுகள் ஒரே நீளம் இல்லை. கவரின் உருவத்தை அட்டையில் வரைந்து, எந்த இடத்தில் எடுத்தேனோ அங்கேயே ஒவ்வொன்றாகக் குத்தி வைத்தேன்.

ஒன்று மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன், காம்ஷாஃப்டும் கிராங்கும் அசையாமல் சரியான இடத்தில் பூட்டி வைக்கிற லாக்கிங் பின் செட் இல்லாமல் இந்த வேலையில் கை வைக்காதீர்கள். கழற்றும் முன் செயினிலும் பல்சக்கரத்திலும் பெயின்ட் அடையாளம் வைத்தால் போதும் என்பார்கள். போதாது, பழைய செயினே நீண்டு கிடக்கும்போது அதை வைத்துப் போட்ட அடையாளம் எப்படிச் சரியாக இருக்கும்? காம்ஷாஃப்டையும் கிராங்கையும் பின் போட்டுப் பூட்டி, செயினை ஏற்றி, டென்ஷனரை அமுக்கி வைத்திருந்த சின்ன பின்னை உருவிவிட்டு, பூட்டை எடுத்து, கிராங்கை ஸ்பானரால் கையிலேயே முழுசாக இரண்டு சுற்று சுற்றினேன். கிராங்க் இரண்டு சுற்றினால்தான் காம் ஒரு சுற்று. திரும்பவும் பின்களைப் போட்டுப் பார்த்தேன், தட்டாமல் உள்ளே போயின. எங்கேயாவது இடித்திருந்தால் மறுபடி முதலிலிருந்துதான்.

கவரிலும் சம்ப்பிலும் ஆயில் கசியாமல் இருக்கத் தடவிய சிலிக்கான் பசை காய ஒரு ராத்திரி விட்டேன். காலையில் புது ஆயில் ஊற்றி, எஞ்சின் ஸ்டார்ட் ஆகிவிடாமல் இருக்க, டீசல் பீய்ச்சுகிற இன்ஜெக்டர்களின் கனெக்டர்களைக் கழற்றி வைத்துவிட்டு, ஆயில் விளக்கு அணைகிற வரை கொஞ்சம் கொஞ்சமாக செல்ஃப் அடித்தேன். இப்போது கனெக்டர் எல்லாம் மாட்டியாயிற்று. சாவியைத் திருப்புகிறேன், நான் பேசவில்லை, முதல் மூன்று விநாடியை மட்டும் கேளுங்கள்.